மின்ட் 22 போட்ட பழைய லெப்டொப்: எல்லாம் வேலை செய்கிறது, ஸ்பீக்கர் மட்டும் ஊமை

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்.

வீட்டில் ஒரு பழைய லெப்டொப். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த புரொசசரை ஏற்காது. தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ (பாரம் குறைந்த) பதிப்பைப் போட்டேன். வைஃபை, கெமரா, டச்பேட், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன் எல்லாம் முதல் தடவையிலேயே வேலை செய்தன. தமிழ் எழுத்தும் வருகிறது.

சத்தம் மட்டும் இல்லை. யூடியூப் ஓடுகிறது, ஒலி அளவைக் கூட்டினால் கோடு ஏறுகிறது, ஆனால் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். சவுண்ட் சிப் போய்விட்டது, யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்றை வாங்கிக் குத்துங்கள் என்றார்கள். மகளுக்கு மாலையில் சூம் வகுப்பு. இது சரியாகும்வரை எனது ஃபோனைக் கொடுத்துவிட்டு நான் சும்மா இருக்கிறேன்.

இணையத்தில் கண்ட கட்டளைகளை எல்லாம் ஒட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்றுதான் பதில் வருகிறது. மீன் பாடுகிற ஊரில் லெப்டொப் பாடவில்லையா என்ற பகிடியை வீட்டிலேயே கேட்டு முடித்துவிட்டேன், இங்கே வேண்டாம்.


மருதமுனைத் தறி எழுதியது:

தம்பி, முதலில் பேவு கண்ட்ரோலைத் திறவுங்கள். எக்ஸ்எஃப்சிஇ மின்டில் அது கூடவே வரும். ஒலி ஐகனை அழுத்தினால் கீழே "ஓடியோ மிக்சர்" என்று இருக்கும், அதுதான்.

அதில் "அவுட்புட் டிவைசஸ்" பக்கத்தில் என்ன பெயர்கள் இருக்கின்றன? "டமி அவுட்புட்" என்று மட்டும் இருந்தால் கதை வேறு. கடைசிப் பக்கம் "கொன்ஃபிகரேஷன்". அங்கே உள்ளே இருக்கும் கார்டுக்கு "ஓஃப்" என்று விழுந்திருந்தாலும் சத்தம் வராது. "அனலொக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்" என்று இருக்க வேண்டும்.

பாட்டு ஓடும்போது அந்தப் பச்சைக் கோடு துடிக்கிறதா என்றும் பாருங்கள்.


கல்லடிப் பொடியன் எழுதியது:

ஒரு பாட்டுக் கேட்க இவ்வளவு பாடா? விண்டோஸ் 10ஐத் திரும்பப் போடுங்கள் அண்ணன். பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். அதற்குள் இந்த லெப்டொப்பே போய்விடும்.


துருசடி (சம்மாந்துறை) எழுதியது:

பொடியன், அவர் விண்டோஸை விட்டு வந்த காரணத்தைச் சொல்லிவிட்டார். அதை இங்கே மறுபடியும் தொடங்க வேண்டாம்.

வாவிக்கரை, கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். சிப் செத்ததா என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது, பார்ப்பதற்குக் காசும் செலவில்லை. லினக்ஸில் சத்தம் மூன்று இடங்களைத் தாண்டி வருகிறது. அடியில் அல்சா, அதுதான் கேர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) இருந்து சிப்புடன் நேராகப் பேசுவது. 2003 இறுதியில் வந்த 2.6 கேர்னலில் இருந்து அதுதான் அடித்தளம். அதற்கு மேலே பைப்வயர். அது பிரவுசர், சூம், பாட்டு பிளேயர் எல்லாவற்றின் சத்தத்தையும் கலந்து, எந்த வாசலால் வெளியே விடுவது என்று தீர்மானிக்கும். அதற்கும் மேலே அந்தந்தச் செயலி.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கள் வட்டவிதானை (தண்ணீர் பங்கிடுபவர்) வயலில் நின்று மண்ணைக் கிண்ட மாட்டார். துருசுக்கு (குளத்து மதகு) போய், அங்கிருந்து வாய்க்கால் வழியே நடந்து வருவார். நீங்களும் அடியிலிருந்து வாருங்கள். எல்லோரும் மேலே இருந்து தொடங்குவதால்தான் ஒரு ராத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் ஒட்டிய கட்டளைகள் ஏன் வேலை செய்யவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். வலையில் இருக்கும் பெரும்பாலான குறிப்புகள் பல்ஸ்ஓடியோ காலத்தவை, பைப்வயருக்கு முன் அதே வேலையைச் செய்தது அது. மற்ற லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 2007இலும் உபுண்டு 2008இலும் அதைப் பிடித்தன. அதன் பிறகு பல வருடங்கள் எல்லா இடத்திலும் அதுவேதான். பிறகு பைப்வயர் வந்தது. ஃபெடோரா 34, 2021இல் மாறியது. உபுண்டு 22.10இல் மாறியது. மின்ட் 21 வரை பல்ஸ்ஓடியோ, 2024இல் வந்த மின்ட் 22இல்தான் பைப்வயர். ஆகவே பல்ஸ்ஓடியோவைக் கொன்று எழுப்பும் கட்டளை உங்கள் கணினியில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. பழைய குறிப்பைப் பார்த்து பல்ஸ்ஓடியோவை மேலே நிறுவிவிடாதீர்கள். இரண்டும் ஒரே கதிரைக்கு அடிபடும்.

சரி, வேலைக்கு வருவோம். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.

டேர்மினலில் ஏபிளே என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சின்ன எல் எழுத்தும். கேர்னல் கண்ட கார்டுகளின் பட்டியல் வரும். "சவுண்ட் கார்ட் ஒன்றும் இல்லை" என்று வந்தால் பயோஸில் ஓடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், அதாவது கார்ட் தெரிந்தால், பட்டியலை அப்படியே இங்கே போடுங்கள்.

அடுத்தது, சாதாரண ஃபோன் இயர்ஃபோன் ஒன்றைக் குத்தி ஏதாவது பாட்டைப் போட்டுப் பாருங்கள். இதைக் கடையில் செய்து பார்த்தார்களா?


வாவிக்கரை எழுதியது:

நன்றி. தறி நானா, துருசடி நானா, இருவருக்கும் சேர்த்துப் பதில்.

ஏபிளே பட்டியலில் இரண்டு கார்டுகள். கார்ட் 0 என்பது எச்டிஎம்ஐ. கார்ட் 1 என்பது பிசிஎச், அதற்கு நேரே ரியல்டெக்கின் ஏஎல்சி என்று தொடங்கும் ஒரு பெயர், பக்கத்தில் அனலொக்.

பேவு கண்ட்ரோலில் அனலொக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்தான் இருக்கிறது. பச்சைக் கோடு துடிக்கிறது. டமி என்று ஒன்றும் இல்லை.

இயர்ஃபோன் குத்தினேன். சத்தம் வருகிறது! நல்ல தெளிவாக, இரண்டு பக்கமும். கடையில் இதைப் பார்க்கவில்லை. கழற்றினால் மறுபடியும் ஊமை.


மருதமுனைத் தறி எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ், சிப் உயிரோடு இருக்கிறது. இயர்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் அதே சிப்தான் சத்தம் கொடுக்கிறது. யூஎஸ்பி கார்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் தம்பி, பொறுங்கள்.


துருசடி எழுதியது:

நல்லது, பாதி வழி கடந்துவிட்டோம். கேர்னல், டிரைவர், சிப், பைப்வயர், பிரவுசர் எல்லாம் தப்பின. சிப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கடைசித் துண்டில்தான் ஏதோ நிற்கிறது.

இரண்டு கார்ட் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்டெல்லில் எச்டிஎம்ஐ சத்தத்துக்குத் தனிக் கட்டுப்படுத்தி உண்டு, அது பெரும்பாலும் முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கட்டளையில் கார்ட் எண் கேட்டால் நீங்கள் எப்போதும் 1 என்று கொடுங்கள். பழைய குறிப்புகளில் 0 என்று இருக்கும், அப்படியே ஒட்டினால் டிவி இல்லாத எச்டிஎம்ஐ வாசலுக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது அல்சாமிக்சர். டேர்மினலில் அந்த ஒரு சொல்லை அடித்தால் திறக்கும். திறந்ததும் ஒரேயொரு கோடுதான் தெரியும், மேலே கார்ட் பெயர் பைப்வயர் என்று இருக்கும். புதியவர்கள் இங்கேயே நின்று, "எல்லாம் நூறில் இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். அது உண்மையான கார்ட் அல்ல. எஃப்6 அழுத்தி, பிசிஎச் என்ற கார்டைத் தெரிவு செய்யுங்கள். அப்போதுதான் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று வரிசையாகக் கோடுகள் வரும்.

ஒவ்வொரு கோட்டின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி. எம்எம் என்று இருந்தால் அது மூடியிருக்கிறது, இரண்டு பூச்சியம் இருந்தால் திறந்திருக்கிறது. எம் எழுத்தை அழுத்தினால் மாறும். ஸ்பீக்கர் கோட்டில் என்ன இருக்கிறது? அப்படியே வலது அம்பை அழுத்திக்கொண்டே கடைசிவரை போங்கள், "ஓட்டோ மியூட் மோட்" என்று ஒன்று இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது?

மறுகா பேவு கண்ட்ரோலுக்கு வாருங்கள். இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, அவுட்புட் பக்கத்தில் "போர்ட்" என்ற பெட்டியைப் பாருங்கள். ஸ்பீக்கர்ஸ் என்று இருக்கிறதா, ஹெட்போன்ஸ் என்று இருக்கிறதா?


ஒலுவில் கெம்பஸ் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும் நானா. போர்ட் என்று ஒன்றை நான் கவனித்ததே இல்லை. ஒரே சிப், ஒரே கார்ட் என்றால் எதற்கு இரண்டு போர்ட்?


வாவிக்கரை எழுதியது:

ஸ்பீக்கர் கோட்டில் எம்எம். எம் அழுத்தித் திறந்தேன், பாட்டைப் போட்டேன், ஒன்றுமில்லை. பேவு கண்ட்ரோலில் போர்ட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் எம்எம்.

ஓட்டோ மியூட்: எனேபிள்ட்.

போர்ட்: "ஹெட்போன்ஸ், பிளக்ட் இன்" என்று இருக்கிறது. ஆனால் ஒன்றும் குத்தவில்லை! ஓட்டையை டோர்ச் அடித்தும் பார்த்தேன். வெறும் ஓட்டை. கீழே "ஸ்பீக்கர்ஸ், அன்அவெய்லபிள்" என்று இன்னொரு வரி.


துருசடி எழுதியது:

பிடிபட்டுவிட்டது. உங்கள் லெப்டொப் காதில் இயர்ஃபோன் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது.

கெம்பஸ் தம்பி கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2004இல் இன்டெல் கொண்டுவந்த எச்டி ஓடியோ முறையில் சிப்புக்குள் பல கால்கள். ஒன்று ஸ்பீக்கருக்கு, ஒன்று ஹெட்போன் ஓட்டைக்கு, ஒன்று மைக்குக்கு. இயர்ஃபோன் குத்தினால் ஸ்பீக்கர் தானாக நிற்க வேண்டும் அல்லவா? அதற்காக ஓட்டைக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு, சுவிட்ச் மாதிரி. பிளக் உள்ளே போனதும் அது அசையும், ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சிப்பின் "சென்ஸ்" காலுக்குத் தெரியும். ஒவ்வோர் ஓட்டைக்கும் ரெசிஸ்டரின் அளவு வேறு. 39.2 கிலோ ஓம், 20, 10, 5.1 என்று தரத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். சிப் அந்த அளவை வைத்து எந்த ஓட்டையில் பிளக் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்.

அந்தத் தகடு வளைந்துபோனாலோ, இடையில் அழுக்கு ஒட்டிக்கொண்டாலோ, பிளக் எப்போதும் உள்ளே இருப்பதாகவே சிப் சொல்லும். கரையோரத்தில் இது அதிகம். நான் பார்த்த லெப்டொப்புகளில் பொத்துவில், திருக்கோவில், கல்முனைப் பக்கமிருந்து வருகிறவற்றின் ஓட்டையில் ஒரு பச்சைப் பூச்சு இருக்கும். உப்புக் காற்று. எங்கள் பக்கம் வயற்காட்டில் இருந்து வருகிறவற்றுக்குத் தூசிதான் எதிரி, பச்சை குறைவு.

உறுதிப்படுத்த ஒரு கட்டளை. ஏமிக்சர், இடைவெளி, கழித்தல் குறி, சின்ன சி, ஒன்று, இடைவெளி, கொன்டென்ட்ஸ். நீளமாக ஓடும். "ஹெட்போன் ஜாக்" என்ற வரியைத் தேடுங்கள். ஒன்றும் குத்தாமல் அதன் மதிப்பு "ஓன்" என்று இருந்தால் சந்தேகமே இல்லை. இயர்ஃபோனைக் குத்திக் குத்திக் கழற்றி, ஒவ்வொரு முறையும் அதே கட்டளையை அடித்துப் பாருங்கள். சில வேளை தகடு விடுபட்டு "ஓஃப்" ஆகும். அப்படி ஆனால் சுத்தம் செய்தாலே போதும்.


கல்லடிப் பொடியன் எழுதியது:

அப்படியென்றால் விண்டோஸிலும் இதே பிரச்சினை இருந்திருக்குமே? அவர் லினக்ஸ் போட்ட பிறகுதானே வந்தது?


மருதமுனைத் தறி எழுதியது:

நல்ல கேள்விதான். வாவிக்கரை தம்பி, விண்டோஸ் இருந்தபோது கடைசியாக எப்போது ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டீர்கள்?


வாவிக்கரை எழுதியது:

யோசித்துப் பார்த்தால், அதில் எப்போதும் ஒரு வெளி ஸ்பீக்கர் குத்தியே இருந்தது. மாரி காலத்துக்கு முன்பு அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டோம். அதன் பிறகு லெப்டொப்பைத் தொடவே இல்லை, நேராக மின்ட் போட்டதுதான்.


துருசடி எழுதியது:

அதுதான். பிளக் ஒன்று நெடுநாள் குத்தியே இருந்தால் தகடு அந்தப் பக்கம் சாய்ந்து பழகிவிடும். பிறகு ஈரக் காற்றில் சும்மா கிடந்திருக்கிறது. விண்டோஸை ஏற்றினாலும் ரியல்டெக் டிரைவர் அதே சென்ஸ் காலைத்தான் கேட்கும், ஹெட்போன் இருக்கிறது என்றுதான் சொல்லும். பொடியன் சொன்னபடி செய்திருந்தால் ஒரு பின்னேரம் வீணாகியிருக்கும், அவ்வளவுதான்.

மின்டைப் பென் டிரைவில் இருந்து, நிறுவாமல், லைவாக ஏற்றிப் பார்க்கச் சொல்லி யாராவது எழுதுவதற்கு முன்னமே சொல்கிறேன்: வன்பொருள் சிக்கலா, அமைப்புச் சிக்கலா என்று பிரிக்க அது நல்ல வழி. ஆனால் இந்த இடத்தில் லைவிலும் ஊமையாகத்தான் இருந்திருக்கும். அதைப் பார்த்து "சிப் போய்விட்டது" என்ற முடிவுக்குப் போவது சுலபம். ஹெட்போன் சோதனை அதைவிடப் பெரிய சாட்சி.


வாவிக்கரை எழுதியது:

ஏமிக்சர் பார்த்தேன். ஒன்றும் குத்தாமலே "ஓன்". குத்திக் கழற்றிக்கொண்டே இருந்ததில் ஒரு முறை "ஓஃப்" ஆனது, அந்த நேரம் ஸ்பீக்கரில் பாட்டு வெடித்துக்கொண்டு வந்தது. வீட்டில் எல்லாரும் ஓடி வந்தார்கள். மூடியைச் சாத்தித் திறந்தேன், மறுபடியும் "ஓன்".

சுத்தம் செய்வது எப்படி? மருந்துக் கடை ஸ்பிரிட் போதுமா?


துருசடி எழுதியது:

மருந்துக் கடையில் கிடைப்பதில் தண்ணீர் கலந்திருக்கும். 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல், இல்லாவிட்டால் மின் இணைப்புகளுக்கென்று விற்கும் கொன்டாக்ட் கிளீனர். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள், எண்ணெய் தங்கித் தூசியைப் பிடித்துவைக்கும்.

லெப்டொப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பற்றரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். பழைய இயர்ஃபோன் பிளக் ஒன்றின் நுனியை நனைத்து, உள்ளே விட்டுச் சுழற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், நார் உள்ளே சிக்கினால் முதலுக்கே மோசம். நன்றாகக் காயவிட்டுத்தான் பற்றரியைப் போட வேண்டும். ஊசி, குண்டூசி வைத்துத் தகட்டை நெம்புகிற வேலை வேண்டவே வேண்டாம்.


தேற்றாத்தீவு டீச்சர் எழுதியது:

வகுப்பு இன்றைக்கே என்றால் பிள்ளைக்கு இப்போது என்ன வழி? சுத்தம் செய்து காயும் வரைக்கும் காத்திருக்க வேண்டுமா? மென்பொருளில் "நான் சொல்கிறேன், ஹெட்போன் இல்லை" என்று அதற்குச் சொல்ல முடியாதா?


துருசடி எழுதியது:

முடியும் டீச்சர், அதற்குத்தான் வருகிறேன். ஆனால் இதில் எல்லோரும் பாதியில் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

வலைக் குறிப்புகளில் "அல்சாமிக்சருக்குப் போய் ஓட்டோ மியூட்டை டிஸ்ஏபிள்ட் ஆக்குங்கள், தீர்ந்தது" என்று இருக்கும். அது கேர்னல் பக்கத்துப் பூட்டு மட்டும். பைப்வயரிடம் இன்னொரு பூட்டு இருக்கிறது. ஹெட்போன்ஸ் போர்ட் தெரிவாகி இருக்கும்வரை, ஸ்பீக்கர் கோட்டை அது தானே எம்எம் ஆக்கிவைக்கும். வாவிக்கரை திறக்கத் திறக்க அது திரும்ப மூடியதற்குக் காரணம் அதுதான். இரண்டு பூட்டையும் திறக்க வேண்டும்.

முதலில் அல்சாமிக்சரில் எஃப்6, பிசிஎச், ஓட்டோ மியூட்டில் நின்று மேல் அம்பு அல்லது கீழ் அம்பு, டிஸ்ஏபிள்ட். எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள். அப்புறம் பேவு கண்ட்ரோலில் போர்ட் பெட்டியில் "ஸ்பீக்கர்ஸ், அன்அவெய்லபிள்" என்பதையே தெரிவு செய்யுங்கள். அன்அவெய்லபிள் என்று இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், கையால் தெரிவு செய்தால் அது ஏற்கும். இப்போது சத்தம் வர வேண்டும்.

வந்தால் டேர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு அல்சாசிடிஎல் ஸ்டோர். அல்சா பக்கத்து அமைப்பு சேமிக்கப்பட்டுவிடும்.

இது இன்றைய வகுப்புக்கு. நிரந்தரமாக வேண்டுமென்றால் அல்சா டூல்ஸ் ஜியுஐ என்ற பொதியை நிறுவுங்கள், அதற்குள் எச்டிஏ ஜாக் ரீடாஸ்க் என்று ஒரு செயலி இருக்கும். மேலே கோடெக் (சவுண்ட் சிப்) ரியல்டெக் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஹெட்போன் காலுக்கு ஓவர்ரைட் போட்டு, அட்வான்ஸ்ட் தெரிவில் ஜாக் டிடெக்ஷன் என்பதை "நொட் பிரெசென்ட்" ஆக்குங்கள். "இன்ஸ்டோல் பூட் ஓவர்ரைட்" அழுத்தி மறுபடி இயக்கினால், அந்தச் சுவிட்ச் என்ன சொன்னாலும் கேர்னல் காதில் வாங்காது. பிடிக்காவிட்டால் "ரிமூவ் பூட் ஓவர்ரைட்" என்று அதே இடத்தில் பட்டன் உண்டு, பழைய நிலைக்கு வந்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இனி இயர்ஃபோனைக் குத்தினால் ஸ்பீக்கர் தானாக நிற்காது. போர்ட்டை நீங்களே மாற்ற வேண்டும்.


வாவிக்கரை எழுதியது:

வந்துவிட்டது!! இரண்டு பூட்டு என்று சொன்னீர்களே, அதேதான். ஓட்டோ மியூட்டை மட்டும் அணைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. போர்ட்டை ஸ்பீக்கர்ஸ் ஆக்கிய அதே நொடியில் சத்தம். மகள் இப்போது வகுப்பில் இருக்கிறாள்.

சூமில் முதலில் வரவில்லை, அதற்குள்ளே ஸ்பீக்கர் தெரிவில் எச்டிஎம்ஐ விழுந்திருந்தது. "சேம் அஸ் சிஸ்டம்" ஆக்கினேன், சரியாகிவிட்டது. கிளீனருக்கு நாளை டவுனுக்குப் போகிறேன்.


தேற்றாத்தீவு டீச்சர் எழுதியது:

நல்ல செய்தி. ஆனால் வகுப்புக்கு ஸ்பீக்கரை விட ஹெட்செட்தான் நல்லது, நாங்கள் பாடம் எடுக்கிறபோது பிள்ளைகளின் ஸ்பீக்கர் சத்தம் அவர்களுடைய மைக்கிலேயே திரும்பி வந்து எதிரொலிக்கும். ஒருவர் இப்படி இருந்தாலும் வகுப்பே குழம்பும். அந்த ஓட்டையை நம்ப முடியாது என்றால் கடைக்காரர் சொன்ன யூஎஸ்பி கார்ட் இங்கே பிரயோசனமாக இருக்கும் போலிருக்கிறதே?


மருதமுனைத் தறி எழுதியது:

டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடைக்காரர் காரணத்தைப் பிழையாகச் சொன்னார், பொருளை அல்ல. யூஎஸ்பி ஹெட்செட் அல்லது யூஎஸ்பி சவுண்ட் கார்ட் குத்தினால் லினக்ஸுக்கு அது மூன்றாவது கார்டாகத் தெரியும், பழைய ஓட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவரும் தேவையில்லை. வீட்டில் பாட்டுக்கு ஸ்பீக்கர், வகுப்புக்கு யூஎஸ்பி. எனக்கென்றால் அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

சாதாரண ஃபோன் ஹெட்செட்டை ஓட்டையில் குத்துவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய லெப்டொப் சிலவற்றில் மைக்குக்குத் தனி ஓட்டை, காதுக்குத் தனி ஓட்டை. காதும் மைக்கும் சேர்ந்த ஒற்றைப் பிளக்கைக் காது ஓட்டையில் குத்தினால் சத்தம் வரும், மைக் வராது. பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன வயர் வாங்க வேண்டும். பிள்ளை பேசுவது டீச்சருக்குக் கேட்கவில்லை என்ற முறைப்பாட்டில் பாதி இதனால்தான்.


ஏறாவூர் ராத்தா எழுதியது:

நானும் இதில் ஒட்டிக்கொள்கிறேன். என்னுடையதில் சத்தம் வருகிறது, ஆனால் சும்மா இருந்துவிட்டு ஏதாவது போட்டால் முதலில் "டொக்" என்று ஒரு அடி, முதல் சொல்லின் பாதி விழுங்கப்படும். இன்னொன்று, என்னுடைய லெப்டொப்பில் விண்டோஸும் இருக்கிறது. விண்டோஸில் வேலை செய்துவிட்டு ரீஸ்டார்ட் அடித்து மின்டுக்கு வந்தால் சில நாள் சத்தமே இருக்காது. மறுநாள் காலையில் திறந்தால் இருக்கும். ஜின் வேலையா என்று வாப்பா கேட்கிறார்.


துருசடி எழுதியது:

ஜின் இல்லை ராத்தா, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

டொக் சத்தம் மின்சாரம் சேமிக்கும் ஏற்பாடு. சிறிது நேரம் ஒன்றும் ஓடாவிட்டால் டிரைவர் சிப்பைத் தூங்கவைக்கும். மறுபடி எழுப்பும்போதுதான் அந்த அடி. எட்சி அடைவுக்குள் மோட்புரோப் டொட் டி என்ற கோப்புறையில், கொன்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு. அதற்குள் ஒரே வரி: ஒப்ஷன்ஸ், இடைவெளி, எஸ்என்டி அடிக்கோடு எச்டிஏ அடிக்கோடு இன்டெல், இடைவெளி, பவர் அடிக்கோடு சேவ், சமன் குறி, பூச்சியம். மறுபடி இயக்குங்கள். பற்றரி கொஞ்சம் குறையும், உங்களுக்குத் தெரியாத அளவுக்குத்தான்.

இரண்டாவது, ரீஸ்டார்ட்டில் மின்சாரம் முழுதாக நிற்பதில்லை. விண்டோஸ் டிரைவர் சிப்பை வைத்துவிட்டுப் போன நிலையிலேயே அது லினக்ஸின் கையில் வருகிறது. சில கோடெக்குகளை லினக்ஸால் அந்த நிலையிலிருந்து சரியாக எழுப்ப முடியாது. இரவு அணைத்து வைத்துக் காலையில் போட்டால் புதிதாகத் தொடங்கும், அதனால் சத்தம் வரும். விண்டோஸில் இருந்து வரும்போது ரீஸ்டார்ட் வேண்டாம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் அடியுங்கள், அது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் (விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி தூங்கும் ஏற்பாடு) தாண்டி முழுதாக அணைக்கும். பிறகு மின்டைப் போடுங்கள்.


வாவிக்கரை எழுதியது:

கிளீனர் போட்டுக் காயவைத்துப் பார்த்தேன். பிளக் நுனி பச்சையாகத்தான் வெளியே வந்தது. இப்போது ஏமிக்சரில் பகலில் "ஓஃப்", இரவு மழை பெய்தால் "ஓன்". தகடு முழுதாகத் திருந்தவில்லை. அதனால் ஜாக் ரீடாஸ்க்கில் ஓவர்ரைட் போட்டுவிட்டேன். மறுபடி இயக்கியும் பார்த்தாயிற்று, போர்ட் ஸ்பீக்கர்ஸில் நிற்கிறது, அன்அவெய்லபிள் என்ற சொல்லும் போய்விட்டது. வகுப்புக்கு ஒரு யூஎஸ்பி ஹெட்செட் வாங்கினோம், குத்தியதும் தானாகவே பிடித்தது. தலைப்பில் "தீர்ந்தது" என்று போட்டுவிடுகிறேன்.


கல்லடிப் பொடியன் எழுதியது:

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஓட்டையை மாற்றவே முடியாதா? ஜாக் தனியாக விற்கிறார்களே.


துருசடி எழுதியது:

மாற்றலாம். சில மொடல்களில் ஓட்டை ஒரு சின்னத் தனிப் பலகையில் இருக்கும், யூஎஸ்பியும் அதிலேயே. அப்படியென்றால் பலகையை மாற்றினால் போதும். மதர்போர்டிலேயே ஈயம் ஒட்டியிருந்தால் கைப்பழக்கம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். இந்த வயது லெப்டொப்புக்கு ஒரு சுவிட்ச் தகட்டுக்காக அந்தக் கூலியைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.


ஒலுவில் கெம்பஸ் எழுதியது:

நானா, என்னிடம் ஒரு சின்ன நெட்புக் இருக்கிறது. இன்டெல் அட்டம், பே டிரெய்ல் என்று எழுதியிருக்கிறது. அதிலும் சத்தம் இல்லை. அல்சாமிக்சரில் எஃப்6 அழுத்தினால் பிசிஎச் என்று ஒன்றுமே இல்லை, "பிவைடிசிஆர்" என்று தொடங்கும் ஒரு பெயர். ஓட்டோ மியூட்டும் இல்லை. இதே வழி சரிவருமா?


துருசடி எழுதியது:

சரிவராது தம்பி. அது எச்டி ஓடியோவே இல்லை, டெப்லெட்டுக்குச் செய்த வேறு முறை. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகள் இருக்கும், கையால் திறக்கப் போனால் தொலைந்துபோவீர்கள். எந்தக் கோட்டைத் திறப்பது என்பதை அல்சா யுசிஎம் கொன்ஃப் என்ற பொதியில் உள்ள கோப்புகள்தான் சொல்கின்றன. அது நிறுவப்பட்டிருக்கிறதா, என்ன பதிப்பு என்று பாருங்கள். கேர்னல் பதிப்பு, ஏபிளே பட்டியல், கணினி விவரம் காட்டும் இன்க்ஸி கட்டளையில் கழித்தல் குறியும் பெரிய ஏயும் போட்டால் வருவது, இந்த மூன்றையும் வைத்துத் தனி இழை ஒன்றைத் திறவுங்கள். அங்கே வருகிறேன்.